ஸ்டாஃபுக்குக் கொடுக்கச் சொன்ன கோழி

கோழிக்குள் தெர்மாமீட்டரைக் குத்தினேன். முப்பத்தைந்து டிகிரி. சூடான சாப்பாடு அறுபதுக்கு மேலே நிற்க வேண்டும்.

ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் நான் தலைமைச் சமையல்காரன். அன்று ஜப்பானியப் பயணிகள் பகல் சாப்பாட்டுக்கு வரவிருந்தார்கள். கொழும்பில் ஒரு ஜப்பானிய செஃப்பிடம் படித்த, சோயா சாஸும் சீனியும் பூசி வாட்டும் தெரியாக்கி கோழியும் சவான்முஷியும் செய்திருந்தேன். சவான்முஷி என்பது முட்டையை மீன் சாற்றில் கலக்கி, வடிகட்டி, சின்னக் கிண்ணங்களில் மெல்லிய ஆவியில் அவிப்பது. ஆவி கூடினால் பொத்தல் பொத்தலாகிவிடும்.

பன்னிரண்டு மணிக்கே எல்லாவற்றையும் புல்வெளியில் பரப்பச் சொன்னார் மேனேஜர். ஆனால் வரும் வழியில், ரத்தோட்டைக்கு மேலே மண் சரிந்து பயணிகளின் பஸ் நின்றுவிட்டது. சாப்பாட்டைச் சூடாக வைக்கும் பஃபே பர்னர்கள் காற்றில் ஏற்ற ஏற்ற அணைந்தன. மணி நான்காகிவிட்டது.

“சேர், இது சரிவராது. புதுசா செய்யணும்.”

“செய்யுங்க, செய்யுங்க. வெளிநாட்டுக்காரங்க. ஒருத்தருக்கு வயித்தால போனாலும் நம்ம பேரு கெட்டுரும்.”

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று எனக்குச் சந்தோஷம். இரண்டு எட்டு நடந்தவர் திரும்பினார்.

“அந்தப் பழசை ஸ்டாஃபுக்குக் குடுத்துருங்க.”

“அவங்களுக்கும் வயிறுதானே சேர்?”

“சூடாக்கிக் குடுங்க. காலையில ஆக்குனதை ராத்திரிக்குச் சாப்பிடுறவங்க. ஒண்ணும் ஆகாது.”

சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு சூடாக்கினாலும் போகாது. அது அவருக்குத் தெரியும். உணவுப் பாதுகாப்பு வகுப்பில் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

கோழி, சோறு, முட்டைக் கிண்ணம் எல்லாவற்றையும் அவர் கண்முன்னே குப்பை வாளியில் கொட்டினேன். யாரும் எடுத்துவிடாதபடி மேலே பாத்திரம் கழுவும் லிக்விடை ஊற்றினேன்.

முதலில் சண்டைக்கு வந்தது மேனேஜர் அல்ல, அறை சுத்தம் செய்யும் கமலா. “காலையில இருந்து பட்டினி அண்ணே. நல்ல கோழியை இப்படியா கொட்டுவீங்க?”

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. மிஞ்சுவதைக் கொடுக்கலாம் என்று, ஸ்டாஃப் சமையலை மேனேஜர் காலையிலேயே நிறுத்தியிருந்தார். விருந்தாளிகளின் கோழி வேகும்போதே பக்கத்து அடுப்பில் சோறும் பருப்பும் வைத்து, முட்டை பொரித்தேன். பஸ் வருமுன் எல்லோரும் சாப்பிட்டார்கள். கமலா இரண்டாம் தடவை சோறு வாங்கினாள்.

மறுநாள் மேனேஜரிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது: ஹோட்டல் உணவை வேண்டுமென்றே நாசமாக்கினேனாம். அதில் என் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: ‘நான்கு மணி நேரம் வெளியே இருந்தது. முப்பத்தைந்து டிகிரி. விருந்தாளிக்கு ஆகாதென்று மேனேஜரே ஒப்புக்கொண்டார்.’

“கடைசி வரியை வெட்டுங்க” என்றார் மேனேஜர்.

“நடந்ததுதானே சேர்.”

வெட்டவில்லை. கடிதம் அப்படியே ஃபைலுக்குப் போனது. அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

கிச்சனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சாப்பாட்டில் சந்தேகம் வந்தால், இதை யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்காதீர்கள். கொட்டுங்கள்.