உப்பில்லாத துறைமுகம்

பாரிசின் லா சப்பலில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாமல் வந்து இறங்கியவன், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் இரண்டு பலசரக்குக் கடைகளுக்கு முதலாளியானேன். ஒருவரும் தூக்கிவிடவில்லை. பெருமைக்குச் சொல்கிறான் என்று சிலர் நினைப்பார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது? ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது கடைகளைப் பற்றி அல்ல. ஒல்லாந்தில் ஹோர்ன் என்று ஒரு பழைய துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே ஒருநாள் போய்வந்த கதை இது.

ஊரில் சண்டை முடிந்து இரண்டு வருடம் இருக்கும். என் கூட்டாளி ஒருவர் ஆஸ்பத்திரியில் காலமானார். முல்லைத்தீவுக் கரையில் கடல்தொழில் செய்த மனிதர். பாரிசுக்கு வந்த புதிதில் நானும் அவரும் ஒரே அறையில், ஒரே பாயில் படுத்தெழும்பினோம். நான் கடை போட்டேன், அவர் கடைசிவரை உணவகக் குசினியில் மீன் வெட்டினார். மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். அந்த மனுசி சண்டையெல்லாம் கண்டு, முகாமில் இருந்து, எல்லாம் முடிந்த பிறகுதான் வந்துசேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்தில் சின்னதாக ஒரு வீடு எடுத்துச் சேர்ந்து வாழத் தொடங்கி, ஒரு வருடம்கூட நிரம்பவில்லை, இவர் போய்விட்டார்.

வயதில் இளையவர் என்பதால் அவர் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். தகனம் முடிந்து சாம்பல் கலசத்தில் வந்தபோது தங்கச்சிக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு முன் அதைக் கடலில் கரைக்க வேண்டும் என்று ஐயர் சொல்லியிருந்தார்.

"ஊர்க் கடலிலை விட எனக்குக் குடுத்துவைக்கேல்லை. அகதிக் கார்ட்டோடை அங்கை போக ஏலாது," என்றார். "எந்தக் கடலெண்டாலும் பரவாயில்லை அண்ணை. கடலா இருந்தாக் காணும்."

வாகனம் ஓட்ட வந்தவர் என் மருமகன். பாரிசில் வளர்ந்த பிள்ளை. அவர் சொன்னார், "மாமா, தியெப் கடற்கரை ரெண்டரை மணித்தியாலம். எல்லாரும் அங்கைதான் கொண்டுபோறவை."

"எல்லாரும் போற இடத்துக்கு நான் ஏன் போவான்?" என்றேன்.

எனக்கு வேறொரு யோசனை இருந்தது. சின்ன வயதில் யாழ்ப்பாணக் கோட்டை வாசலில் கச்சான் கடலை விற்றவன் நான். ஒல்லாந்தர் கட்டிய கோட்டை. அதன் மதிலும் அகழியும் மூலைமுடக்கும் எனக்குப் பாடம். எங்கள் கடைக்குச் சாமான் வாங்க ஒல்லாந்திலிருந்து வரும் ஒரு தமிழர், அந்தக் காலத்தில் இலங்கைக்குக் கப்பல் விட்ட ஊர்களில் ஹோர்னும் ஒன்று என்று சொல்லியிருந்தார். அங்கிருந்து கப்பல் எங்கள் கரைக்கு வந்ததென்றால், அங்கே கரைத்த சாம்பலும் அதே வழியில் வந்துசேராதா? இந்த யோசனை படித்தவர் ஒருவருக்கும் வரவில்லை, எனக்குத்தான் வந்தது. தங்கச்சியிடம் சொன்னபோது அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு நான் தியெப்புக்குப் போவேனா?

விடியுமுன் புறப்பட்டோம். கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு தங்கச்சி பின்னால் இருந்தார். வழியில் தேநீர்கூடக் குடிக்கவில்லை, காரியம் முடியாமல் ஒன்றும் வாயில் வைக்க மாட்டேன் என்றுவிட்டார். பெல்ஜியம் தாண்டும்வரை நான் ஒல்லாந்தரைப் பற்றியும் என் முதல் கடையைப் பற்றியும் சொல்லிக்கொண்டு வந்தேன். மருமகன் இரண்டு தடவை வானொலியைப் போட்டார். நான் இரண்டு தடவையும் நிறுத்தினேன்.

ஹோர்ன் அழகான ஊர், சும்மா சொல்லக்கூடாது. செங்கல் வீடுகள் முன்பக்கம் சரிந்து, தெருவில் போகிறவனை எட்டிப் பார்ப்பது போல நிற்கும். சில வீட்டு முகப்பில் கப்பல் செதுக்கியிருந்தார்கள். துறைமுக வாயிலில் பீரங்கி வைக்கக் கட்டிய உருண்டைக் கோபுரம். அதன் கல்லைத் தடவிப் பார்த்தேன். எங்கள் கோட்டை பவளக்கல், இது வேறு. ஆனால் கட்டியவனின் கை ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. பழைய மரக்கப்பல்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. தலைக்கு மேல் கடற்காகங்கள் கத்தின.

"பாத்தீங்களே தங்கச்சி? இந்த இடத்திலையிருந்துதான் அவங்கள் எங்கடை ஊருக்கு வந்தவங்கள்."

தங்கச்சி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "போனவை எல்லாரும் திரும்பி வந்திருக்க மாட்டினம் என்னண்ணை," என்றார். "இஞ்சையும் மனிசிமார் கனகாலம் பாத்துக்கொண்டு நிண்டிருப்பினம்."

கோட்டையில் எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கிறேன். அதைக் கட்டப் போனவனுக்கு வீட்டில் ஒரு மனைவி இருந்திருப்பாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கலசத்தை வாங்கிக்கொண்டு கல்படியில் இறங்கினேன். மகன் இல்லாதவருக்கு அந்தக் காரியத்தை நான் செய்வதாகப் பேச்சு. தங்கச்சியும் பின்னால் இறங்கி, குனிந்து தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்தார். மிச்சத்தை வாயில் விட்டுப் பார்த்தார்.

"அண்ணை, நில்லுங்கோ."

"என்ன?"

"இது கடலில்லை. சப்பெண்டு கிடக்கு."

"கப்பல் நிக்குது, கடற்காகம் பறக்குது, கடலில்லையெண்டா வேறென்ன?" என்று நான் ஒரு கை அள்ளிக் குடித்தேன். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது.

பக்கத்துப் படகில் ஒருவர் மரத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். மருமகன் ஆங்கிலத்தில் கேட்டார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே நீட்டி முழக்கிச் சொன்னார். மருமகன் என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார்.

"முந்திக் கடல்தானாம் மாமா. பிறகு வடக்காலை பெரிய அணை கட்டி அடைச்சிட்டினமாம். ஆத்துத் தண்ணி வந்து விழுந்து விழுந்து இப்ப நல்ல தண்ணி ஏரியாம். குடிக்கிறதுக்கும் எடுக்கிறவையாம்."

அப்படியும் ஒரு சனமா? உலகமெல்லாம் கடலில் போய்க் கோட்டை கட்டிவிட்டு, தன் வாசலில் இருந்த கடலைக் கதவு போட்டுச் சாத்திவிட்டிருக்கிறான். எனக்கு ஆத்திரமும் வந்தது, ஒரு மரியாதையும் வந்தது. கடலை அடைக்கலாம் என்று முதலில் சொன்னவனைப் பார்த்து எத்தனை பேர் சிரித்திருப்பார்கள். அவனும் என்னைப் போல ஒரு ஆளாகத்தான் இருந்திருப்பான்.

ஆனால் கலசம் என் கையில் இருந்தது. அடுத்தநாள் அந்தியேட்டி.

"தங்கச்சி, எந்தத் தண்ணியும் கடைசியிலை கடலுக்குத்தானே போகும்," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அவர் குளத்திலை தொழில் செய்யேல்லை அண்ணை." சத்தம் போடவில்லை. கலசத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். "அவரை இதுக்குள்ளை விட்டா அடைச்சு வைச்ச மாதிரி. நாளைக்கு அந்தியேட்டி நடக்காட்டிலும் பரவாயில்லை. நான் விடமாட்டன்."

மருமகன் என்னிடம், "தியெப்புக்குத் திருப்பினா இருட்டிப்போகும் மாமா," என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாதது அவர் நல்ல பிள்ளை என்பதற்கு அடையாளம்.

"அணை எண்டா அதுக்கு ரெண்டு பக்கம் இருக்கும்," என்றேன். "உள்பக்கம் ஏரியெண்டா வெளிப்பக்கம் என்ன? அந்தாளைக் கேளும்." வெளிப்பக்கம் கடல்தான், முக்கால் மணித்தியாலத்தில் போகலாம் என்றார் படகுக்காரர். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அணைக்கட்டு ஒரு நேர்கோடு. கண் எட்டும் தூரம் தெரு. ஒரு பக்கம் அமைதியான தண்ணீர், மறுபக்கம் மண்ணிறமாகக் குமுறும் தண்ணீர். காற்று வாகனக் கதவைத் திறக்கவே விடவில்லை. கருங்கற்கள் அடுக்கிய சரிவில் தங்கச்சி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். அந்த மனுசி கல்லில் கால் வைத்த விதம் கரையில் பிறந்தவர்களுக்கே வரும். நான் மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். தங்கச்சி அள்ளிச் சுவைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் கையை நீட்டினேன். அவர் கலசத்தைத் தரவில்லை. தானே குனிந்து, அலை வந்து திரும்பும்வரை பொறுத்திருந்து, திரும்புகிற அலையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். கலசத்தையும் கழுவினார். அழவில்லை. நான்தான் அழுதேன், காற்றும் நல்ல உதவியாக இருந்தது.

மேலே ஏறி வந்து வாகனத்துக்குள் இருந்தோம். மருமகன் போத்தலில் கொண்டுவந்த தேநீரை ஊற்றிக் கொடுத்தார். தங்கச்சி இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

"அண்ணை, அவர் இஞ்சை என்ன செய்து சீவிச்சவரெண்டு எனக்கு வடிவாத் தெரியாது," என்றார். "உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்கோ. கடைக்கதை வேண்டாம். அவரின்ரை கதை."

எங்கே தொடங்குவது என்று யோசித்தேன். எதை நினைத்தாலும் அதற்குள் முதலில் நான் வந்து நின்றேன். நான் அறை பிடித்தது, நான் வேலை எடுத்துக் கொடுத்தது. என்னைத் தள்ளிவிட்டு அவரை மட்டும் எடுப்பது, நம்பமாட்டீர்கள், கடினமாக இருந்தது. மருமகன் வாகனத்தை எடுத்துத் தெற்கே திருப்பிக் கனதூரம் வந்த பிறகுதான் ஒன்று கிடைத்தது.

"ஞாயிற்றுக்கிழமையிலை அவர் குளிச்சு, வெளிக்கிட்டு, டெலிபோன் கூண்டுக்குப் போவார்," என்றேன். "சண்டையாலை வன்னிக்கு லைன் இல்லையெண்டு எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். எண்டாலும் போய் அடிப்பார். திரும்பி வந்து, இண்டைக்கும் கிடைக்கேல்லையெண்டு சொல்லிப்போட்டு மீன் கழுவத் தொடங்குவார்."

"ஒவ்வொரு ஞாயிறும்?"

"நான் கண்ட ஞாயிறெல்லாம்."

சாலையோரக் காற்றாலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. "என்னை மறந்திட்டாரெண்டு இருந்திட்டன்," என்றார் தங்கச்சி. முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

"என்ன உடுத்திக்கொண்டு போறவர்?" என்று கேட்டார்.

நான் நினைவுபடுத்திப் பார்த்தேன். இந்தமுறை முதலில் அவர்தான் வந்து நின்றார்.