கைக்கு இலேசான துப்பாக்கி

டெல்பெர்ட் ஸ்ட்ரவுடுக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும். வாய்க்கு முறை வருவதற்குள் எதிராளி தரையில் கிடப்பான். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் நெல்வயல் சீமையில் அவனிடம் அடி வாங்காத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒருவனுக்கு முன்பற்களைக் கழற்றினான். நெல் உலர்த்தும் ஆலையில் மேற்பார்வையாளனை மண்வாரியால் அடித்து வேலையைத் தொலைத்தான். மனைவி நடீன்மீது ஒருநாளும் அடி விழுந்ததில்லை. ஆனால் அவள் தலைக்குப் பக்கத்தில் சுவரில் விழுந்த குத்துகளே போதும் என்று அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மிசௌரிக்குப் போய்விட்டாள். ஊர் மட்டும் அவனைப் பொறுத்துக்கொண்டது. வாத்து வேட்டைக்கு வழிகாட்ட அவனைப் போல ஆளில்லை என்பது ஒரு காரணம். உன்னைப் பொறுக்க முடியாது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிச்சலில்லை என்பது உண்மையான காரணம்.

மகள் கென்ட்ரா பொறுக்கவில்லை. குடும்பம் கூடிய நன்றி நாள் விருந்தில், வான்கோழியை யார் அறுப்பது என்று ஆரம்பித்த பேச்சில் மருமகன் பிரைஸ் ஏதோ கிண்டலடித்தான். டெல்பெர்ட் மேசையைச் சுற்றிக்கூடப் போகவில்லை, மேலே ஏறித் தாண்டிப்போய் அவன் தாடையை உடைத்தான். பிரைஸ் வாயைக் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் குழாய் வைத்துக் கஞ்சி உறிஞ்சினான். அந்த அடியில் டெல்பெர்ட்டின் வலது தோளும் கிழிந்தது. மருத்துவர் தைத்துவிட்டு, கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார். அவனுடைய பழைய வேட்டைத் துப்பாக்கி இரும்பு உலக்கை கனம். அதை விற்க வேண்டியதாயிற்று. கென்ட்ரா அதன்பிறகு அவனோடு பேசவில்லை. அந்த வலிக்கு மருத்துவரிடமும் தையல் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"வாத்து சீசனுக்கு ஒருநாள் வர்றேன்ப்பா. பிரைஸ்கிட்ட சொல்லல."

"வாம்மா. எப்ப வேணா வா."

"முழுசாக் கேளு. எவன் மேலயாவது கை வச்சே, அதோட சரி. அப்புறம் நீ செத்தாலும் வரமாட்டேன்."

"தோளையே தூக்க முடியல, கையை எங்கேருந்து வைக்கிறது?"

அவள் சிரிக்கவில்லை. சரி என்று சொல்லும்வரை போனை வைக்கவும் இல்லை. அவன் சரி என்றான், மனதாரவே சொன்னான்.

துப்பாக்கிக் கடைக்காரர் லைல் பாக்ஸ், எடை குறைந்த துப்பாக்கிகளில் இரண்டைச் சுட்டுப் பார்க்கக் கொடுத்தார். ஒருமுறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை இரண்டும். அறுத்து முடித்த வயலில் சுட்டுப் பழகக் களிமண் தட்டுகளை வானில் எறியும் எந்திரத்தை நட்டுவைத்துவிட்டு டெல்பெர்ட் மகளுக்காகக் காத்திருந்தான். அவள் வந்தாள், கட்டிப்பிடிக்கவில்லை, துப்பாக்கியை வாங்கினாள். முதலாவது, வெடிப்பில் வரும் புகையின் வேகத்தைக்கொண்டே இயங்குவது. கரி பிடிக்கும், கொஞ்சம் கனமும் கூடத்தான். ஆனால் தோளில் மெத்தென்று தட்டும். அதில் தட்டுகளை வரிசையாகத் தூளாக்கினாள். இரண்டாவது, உதைப்பின் விசையிலேயே இயங்குவது. துடைப்பத்தைத் தூக்குவதுபோல இருந்தது. இரண்டு முறை சுட்டுவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

"கழுதை உதைச்ச மாதிரி இருக்கு. எடை இல்லேன்னா உதை எல்லாம் ஆளுக்குத்தான். தச்ச தோளுக்கு இது ஆகாதுப்பா, நீ அதை எடுத்துக்க."

"அது உனக்கு. நாள் பூரா தண்ணில தூக்கிட்டு நிக்க எனக்கு இதான் சரி."

"வீம்பு."

"வீம்புதான்."

"அப்ப ஒண்ணு கேளு. தோட்டாவை உள்ள தள்ளி மூடுற இந்த போல்ட்டைக் கையில பிடிச்சு மெதுவா மூடாத. விட்டுடு, டமார்னு அடிச்சு மூடட்டும். மெதுவா மூடினா முழுசாப் பூட்டாது. விசையை இழுத்தா டிக்குனு ஒரு சத்தம்தான் வரும், குண்டு வராது."

"உனக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்."

"அதான் பயமா இருக்கு."

அன்று அவள் சிரித்தாள். டெல்பெர்ட்டுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இதைக் கெடுத்துக்கொண்டால் நான் மனிதனே இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் விடிந்தபோது இருவரும் வெள்ளம் நிறைந்த காட்டுக்குள், இடுப்பளவு தண்ணீரில் ஆளுக்கொரு ஓக் மரத்தில் சாய்ந்து நின்றார்கள். நிஜ வாத்துகளை ஏய்த்து இறக்கப் பொம்மை வாத்துகள் முன்னால் மிதந்தன. டெல்பெர்ட் வாத்துபோலக் கூவும் ஊதியில் குரல் கொடுத்தான். வாத்துக் கூட்டம் ஒன்று மேலே வட்டமடித்தது. அப்போதுதான் துப்பாக்கியில் தோட்டா ஏற்றவில்லை என்பது நினைவுக்கு வந்தது. டமாரென்று மூடினால் வாத்து பறந்துவிடும். தோட்டாவை உள்ளே வைத்து, போல்ட்டைக் கையில் பிடித்தபடி, சத்தமில்லாமல் மெதுவாக மூடினான். வாத்துக்காட்டில் முப்பது வருடம் நின்றவன் வேறெப்படியும் மூட மாட்டான்.

கூட்டம் இறங்க வந்த நேரத்தில் காட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு மோட்டார் படகு வந்தது. கோய் லாங்லி. பொது நிலத்தில் யார் இடம் பிடித்திருந்தாலும் பக்கத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்பவன். படகைக் கூப்பிடு தூரத்தில் நிறுத்தி, தாழ வந்த வாத்துகளை நோக்கித் தாறுமாறாகச் சுட்டான். மரத்தில் பட்டுத் தெறித்த ரவை ஒன்று கென்ட்ராவின் கன்னத்தைக் கிழித்தது. ரத்தம் தாடைவழியாகச் சொட்டியது.

டெல்பெர்ட் நகர்ந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"கீறல்தான். விடு. வேற எடம் போவோம்."

அவன் தலையை ஆட்டினான். துப்பாக்கியை வாரில் முதுகுக்குப் போட்டுக்கொண்டு பொம்மைகளைச் சேகரிக்கத் தொடங்கினான். அதுவரை அவன் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய காரியம் அதுதான், அதைப் பார்க்க ஊரில் யாருமில்லை.

"என்ன பெருசு, மூட்டை கட்டிட்ட?" கோய் படகிலிருந்து கத்தினான். "வீட்டு ஆளுங்க தாடைனாதான் கை போகுமா?"

அவ்வளவுதான். டெல்பெர்ட் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனான். படகின் விளிம்பைப் பிடித்துக் கவிழ்த்தான். கோய் விழுவதற்குள் மூக்கில் குத்து இறங்கியது. எலும்பு நொறுங்குவது கைக்குத் தெரிந்தது. கோயும் இலேசுப்பட்டவனில்லை. மிதந்த துடுப்பை எடுத்துத் தைத்த தோள்மேலேயே வீசினான். டெல்பெர்ட் அலறினான், அலறியபடியே அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினான். கோய் உதைத்தான், பிராண்டினான். குமிழிகள் வந்தன, பிறகு குறைந்தன. கென்ட்ரா பின்னாலிருந்து அப்பாவின் முதுகில் அறைந்தாள், காதைப் பிடித்து இழுத்தாள். "விடுப்பா! செத்துருவான்!" அதற்கும் மசியாமல் இருந்தவன் பிடி, அவள் அந்தத் தோளில் ஓங்கிக் குத்தியதும் தளர்ந்தது.

கோய் எழுந்து இருமினான், வாந்தியெடுத்தான். மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

"பொண்டாட்டி ஓடினா. இவளும் ஓடுவா. உன்கூட எந்த நாய்டா இருக்கும்?"

துப்பாக்கி முதுகிலிருந்து எப்படிக் கைக்கு வந்தது என்று டெல்பெர்ட்டுக்கே தெரியாது. அவ்வளவு இலேசு. குழல் கோயின் நெஞ்சைத் தொட்டது. விசையை இழுத்தான்.

டிக்.

அந்தச் சத்தம் என்னவென்று மூவருக்கும் தெரியும். கோயின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அவன் பின்வாங்கி, பின்வாங்கி, கவிழ்ந்த படகைக்கூட எடுக்காமல் மரங்களுக்கிடையே தடுமாறிப் போனான்.

"பயமுறுத்தத்தான்மா," என்றான் டெல்பெர்ட். "உள்ள தோட்டா இல்ல."

கென்ட்ரா துப்பாக்கியை வாங்கிப் போல்ட்டை இழுத்தாள். சிவப்புத் தோட்டா துள்ளி அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"நீ சுட்டுட்டேப்பா," என்றாள். "துப்பாக்கிதான் சுடல."

கரை சேர்ந்ததும் அவள் நேராகக் காருக்குப் போனாள். கன்னத்துக் காயத்துக்கு மருந்து போடலாம் என்றான் அவன், அவள் காதில் வாங்கவில்லை. அவள் கார் நெல்வயல் சாலையில் மறையும்வரை அவன் நின்றான். பின்தொடர்ந்து போய்க் கெஞ்சலாமா என்று நினைத்தான். எதைச் சொல்லிக் கெஞ்சுவது? வாழ்நாளெல்லாம் அவன் சொன்ன சமாதானம், கை தானாகப் போய்விட்டது என்பதுதான். இப்போது போனது கையல்ல, விரல். அது அவன் சொன்னபடிதான் வளைந்தது. அவனுக்கு அழுகை வந்தது. வண்டிக்குள் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதான்.

மதியம் ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போனான். மேசையில் துணை ஷெரீஃப் வெர்னா டில்மன் இருந்தாள். அவனுக்குப் பலமுறை விலங்கு மாட்டிய கை அவளுடையது.

"இந்தத் தடவை யாரு மூக்கு, டெல்பெர்ட்?"

"கோய் லாங்லி."

"அவன் படகுல இருந்து விழுந்தேன்னு ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்துட்டான். வீட்டுக்குப் போ."

"அவனைச் சுட்டேன்."

வெர்னா பேனாவை வைத்தாள். "காலைல அவன்கிட்ட நான் பேசினேன்யா. உடம்புல ஓட்டை ஒண்ணும் இல்ல."

"வெடிக்கல. நான் சுட்டேன். சாட்சி என் பொண்ணு. கேட்டுப் பாரு."

குடித்திருக்கிறானோ என்று வெர்னா முகத்தருகே முகர்ந்து பார்த்தாள். பிறகு எண்ணைக் கேட்டு வாங்கி, கென்ட்ராவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். டெல்பெர்ட் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"நீங்க கூட்டிட்டு வந்தீங்களா?" என்று கென்ட்ராவின் குரல் கேட்டது.

"இல்லம்மா. அவரா வந்து நிக்கிறார்."

டெல்பெர்ட் தலையை நிமிர்த்தினான்.

"அவர் சொல்றது நிஜம்தான். எழுதிக்கங்க, நான் வந்து கையெழுத்துப் போடுறேன்," என்றாள் கென்ட்ரா. "வந்து சேர ரெண்டு மணி நேரமாகும். அதுவரைக்கும் அவருக்குச் சாப்பிட ஏதாவது குடுங்க. காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல."