வெளிக்கிடு பிள்ளை

கண்டக்டர் முத்துகிருஷ்ணனுக்கு முறுக்கு மீசை. தொப்பையோ சட்டைப் பொத்தானோடு தினமும் மல்லுக்கட்டும். இப்படியொரு ஆள் மேடையேறிப் பத்து வயதுப் பெண்பிள்ளையாக நடிக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? பொண்டாட்டி கனகலட்சுமியே முதலில் நம்பவில்லை. “ஆசை வெட்கம் அறியாதுன்னு சும்மாவா சொன்னாங்க” என்று முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள்.

அந்த நாடகம் பிறந்த கதையே ஒரு கூத்து. ஐந்தாறு வருடத்துக்கு முந்தி ஒரு சித்திரை மாத மத்தியானம். ராமநாதபுரத்தில் கிளம்பின பஸ் உச்சிப்புளியைத் தாண்டி மண்டபம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மண்டபம் அகதி முகாமில் இறங்கவேண்டிய ஒரு பெண், மடியில் நெளிந்துகொண்டிருந்த மகனைத் தட்டி, “வெளிக்கிடு, வெளிக்கிடு” என்றாள். நம் ஆளின் காதில் ‘வெளிக்கு’ மட்டும்தான் விழுந்தது. வெளிக்குப் போவது என்றால் இந்தப் பக்கம் என்ன அர்த்தம் என்று ஊரறியும். பிள்ளை பாவம், எவ்வளவு நேரம் அடக்குவான்! நீட்டி ஒரு விசில் அடித்தார்.

“டிரைவரண்ணே, நிறுத்துங்க! பிள்ளைக்கு வெளிக்கு வருதாம்!”

உடைமரக்காட்டு ஓரமாக பஸ் நின்றது. “எறங்கு தாயி. அந்தா மரத்துக்குப் பின்னால உக்கார வச்சுக் கூட்டிட்டு வா. வண்டி நிக்கும், பதறாத” என்றார் முத்துகிருஷ்ணன், பெரிய தர்மப்பிரபு மாதிரி.

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். “ஐயோ அண்ணை, இறங்க ஆயத்தமாகு எண்டுதான் பிள்ளைக்குச் சொன்னனான். வெளிக்கிடுறது எண்டா எங்கட பக்கம் புறப்படுறது” என்றாள்.

பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முத்துகிருஷ்ணனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் அவள் அதே பஸ்ஸில் ஏறியபோது, பக்கத்தில் போய் நின்று மன்னிப்புக் கேட்டார். பேர் யோகராணி. மன்னார்ப் பக்கம் சொந்த ஊர். தொண்ணூறாம் வருடம், பத்து வயதில், சண்டைக்குத் தப்பிச் சித்தியோடு படகில் வந்தவள். படுத்த படுக்கையாகக் கிடந்த தகப்பனை விட்டுவிட்டு வர அம்மாவுக்கு மனசில்லை. மகளை மட்டும் அனுப்பினாள். கரையில் நின்று அவள் கடைசியாகச் சொன்னது ‘வெளிக்கிடு பிள்ளை’. மூன்று வருடம் கழித்து, அம்மா போய்விட்டாள் என்று கடிதம்தான் வந்தது.

“நான் கோவத்தில அண்டைக்கு வாயே திறக்கேல்லை, அண்ணை. ஓம் எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்” என்றாள் யோகராணி.

முத்துகிருஷ்ணன் இளவட்டத்தில் திருவிழா நாடகங்களில் பபூன் வேஷம் கட்டினவர். ‘சரி’ என்று அவள் சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல் அவரைத் தூங்கவிடவில்லை. ஒருநாள் அவளிடமே கேட்டுவிட்டார். “தங்கச்சி, ஒன் கதைய நான் மேடையில சொல்லவா? ஒத்த ஆளாச் சொல்றேன்.” அவள் நாலு நாள் யோசித்துச் சரியென்றாள்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் படகு. தலையில் துண்டைப் போட்டால் அம்மா, எடுத்தால் பிள்ளை. பிள்ளையின் துணிமூட்டைக்குத் தன்னுடைய பழைய டிக்கெட் பை. சாயல்குடி மைக்செட்காரர் ஜெய்னுலாபுதீன் காசு வேண்டாம் என்று குழாயைக் கட்டிக்கொடுத்து, “இன்ஷா அல்லா, நல்லா வரும் மாப்ளே” என்றார்.

நல்லாவா வந்தது? முதல் மேடை கடலாடி, ஒரு பொங்கல் விழா. துண்டைப் போட்டுக்கொண்டு, “வெளிக்கிடு பிள்ளை” என்றார் முத்துகிருஷ்ணன். கூட்டத்தில் எவனோ, “ஏலே, சொம்ப எடுத்துக் குடுங்கடா!” என்று கத்தினான். அவ்வளவுதான். பபூன் முத்துகிருஷ்ணன் மறுபடி வந்துவிட்டான் என்று ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் இருந்த யோகராணி எழுந்து நடந்தாள். அவள் முதுகு மறைகிறவரை பார்த்துக்கொண்டே மிச்சத்தை ஒப்பித்து முடித்தார் மனுஷன்.

அதற்குப் பிறகு புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தார். சொல்லை மாற்றினார். ‘கெளம்பு தாயி’ என்று வைத்தார். சிக்கல் ஊரில் போட்டார், பரமக்குடியில் போட்டார், டிப்போ சங்க விழாவில் போட்டார். ஒருவர் சிரிக்கவில்லை. மூக்கைச் சிந்தினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டில் பொன்னாடைக்கு இடமில்லை என்று கனகலட்சுமி ஒன்றை எடுத்து மிக்ஸியை மூடி வைத்தாள். ஐந்து மேடை இப்படி ஓடியது. ஏழாவது மேடைக்கு யோகராணியை வருந்தி அழைத்தார்.

அவள் கடைசிவரை இருந்து பார்த்தாள். முடிந்ததும் வந்து, “வடிவாத்தான் நடிச்சிருக்கிறியள். ஆனா அது வேற யாரோ ஒரு அம்மா, அண்ணை” என்றாள்.

பொன்னாடை கழுத்தில் கிடந்து உறுத்தியது.

“அந்தச் சொல்லைத் திருப்பிப் போடுங்கோ” என்றாள் யோகராணி. “என்ர அம்மா எனக்கு விட்டுட்டுப் போனது அது ஒண்டுதான். ஆனா கரையில நிண்டு அம்மா சொல்லேக்க ஆரும் சிரிக்கக் கூடாது. ஒருக்காச் சிரிச்சாலும், இந்தக் கதையை இதோட விட்டுடுங்கோ.”

சொல்லைப் போட்டால் ஜனம் சிரிக்கும். போடாவிட்டால் அது அவள் கதையே இல்லை. இரண்டு மாதம் டூட்டியில் சில்லறையைக்கூடத் தப்பாகக் கொடுத்துக்கொண்டு அலைந்தார் முத்துகிருஷ்ணன். கடைசியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கனகலட்சுமிதான் வழி சொன்னாள்.

“சிரிக்கத்தானே செய்வாய்ங்க? மொதல்லயே சிரிக்க விட்டுருங்க. வயிறு முட்டத் தின்னவன் அடுத்த பந்தியில உக்கார மாட்டான்.”

அட, இவளைப்போய் இத்தனை நாள் சமையல்கட்டிலேயே விட்டுவிட்டோமே என்று நினைத்தார் முத்துகிருஷ்ணன். வாய்விட்டுச் சொன்னால் ஏறிக்கொள்வாள் என்று சொல்லவில்லை.

எட்டாவது மேடை மாரியூரில், முளைப்பாரித் திருவிழாவின்போது. சாயங்காலம், கடற்கரை மணலில் ஜனம் உட்கார்ந்திருந்தது. யோகராணி மகனோடு முன்னால் இருந்தாள். முத்துகிருஷ்ணன் துண்டை மூன்று தரம் மடித்து, மூன்று தரம் பிரித்தார். பத்தொன்பது வருட சர்வீஸில், செக்கிங் ஏறினபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

கண்டக்டர் உடுப்பிலேயே மேடையேறினார். முதல் காட்சியே பஸ்தான். விசிலடித்து, “பிள்ளைக்கு வெளிக்கு வருதாம்!” என்றார். மாரியூர் அதிர்ந்தது. கிழவர் ஒருவருக்குப் புரையேறியது. முத்துகிருஷ்ணனும் கூடவே சிரித்தார், தன்னையே திட்டிக்கொண்டார், மீசைக்காரனின் மடத்தனத்தை அங்குலம் அங்குலமாக நடித்துக் காட்டினார். பிறகு துண்டு தலைக்கு ஏறியது. அம்மா மகளுக்குத் தலை சீவிவிட்டு, “வெளிக்கிடு பிள்ளை, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு” என்றாள். சிரித்தார்கள், கொஞ்சம். கோயிலுக்கு வெளிக்கிடு என்றாள். அங்கங்கே கெக்கலி கேட்டது.

அப்புறம் நாற்காலி படகானது. டிக்கெட் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பிள்ளை உட்கார்ந்தாள். கரையில் நின்ற அம்மா துண்டின் நுனியைத் திருகினாள். முத்துகிருஷ்ணன் கூட்டத்தைப் பார்க்கவேயில்லை. பார்க்கப் பயம்.

“வெளிக்கிடு பிள்ளை.”

அலைச்சத்தம்தான் கேட்டது. ஒரு பொடிசுகூடச் சிரிக்கவில்லை. மைக்செட்டுக்குப் பின்னால் ஜெய்னுலாபுதீன் கைலியால் கண்ணைத் துடைத்தார். முத்துகிருஷ்ணனுக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. மறந்தால் என்ன, அவர் அழுகையிலேயே நாடகம் முடிந்தது.

விளக்கைப் போட்டார்கள். மேடையை விட்டு இறங்கி யோகராணியிடம் போனார். அவள் மணலில் உட்கார்ந்தபடியே இருந்தாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று பக்கத்தில் நின்றார். ஜனம் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்த மீன்காரப் பெண் ஒருத்தி, தூங்கிவிழுந்த மகளை உசுப்பினாள்.

“ஏத்தா, எந்திரி. வெளிக்கிடு பிள்ள, வீட்டுக்குப் போவோம்.”

கேலியில்லை. அந்தச் சொல் அவள் வாய்க்குத் தானாக வந்திருந்தது.

யோகராணி வெடுக்கென்று திரும்பினாள். யார் கூப்பிட்டது என்று தேடுகிறவள்போல அந்த இருட்டுகிற கரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையூன்றி எழுந்தாள்.

“ஓம் அம்மா” என்றாள்.

முத்துகிருஷ்ணன் கீழே கிடந்த அவள் பையை எடுத்துக் கொடுத்தார்.