வாடி என்று எழுதியவர்

புத்தளம் நகரில் வீடு கட்ட நினைக்கிறவன் மேசனைத் தேடுவதற்கு முன் இஸ்ஸதீனைத் தேடுவான். முப்பது வருடமாக அவர் படம் கீறிக் கொடுத்த வீடுகளில்தான் ஊரில் பாதிப்பேர் நித்திரை கொள்கிறார்கள். ஆனால் ஒரு தாளிலாவது அவர் பெயர் இல்லை. பட்டம் பெற்ற ஒருவர் கையெழுத்து வைத்தால்தான் நகரசபை ஏற்கும். எனவே இஸ்ஸதீன் கீறுவார். யாரோ ஒருவர் கொழும்பில் இருந்துகொண்டு கையெழுத்து வைப்பார்.

"புள்ள என்ட, பேர் ஆருடயோ" என்று சொல்லிச் சிரிப்பார். கேட்டவர்கள் சேர்ந்து சிரித்ததில்லை.

கடல்நீர் ஏறும் களப்பின் கரையில் நாற்பத்திரண்டு மாடிக் கோபுரம் ஒன்றை வடிவமைக்கக் கொழும்பு நிறுவனம் ஒன்று வந்தது. கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், அதற்கு மேல் ஹோட்டல், உச்சியில் வீடுகள். கரையில் இப்போது என்னென்ன நிற்கிறது என்று அளந்து கீற ஓர் உள்ளூர்க்காரர் வேண்டும். தாளின் மூலையில் 'அளந்து கீறியவர்: இஸ்ஸதீன்' என்று போடுவோம் என்றார்கள். கூலி எவ்வளவு என்றுகூட அவர் கேட்கவில்லை.

அளப்பதோடு நின்றிருந்தால் நல்லது. நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் நப்லா விரித்த முதல் படத்தைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"மிஸ், சோழகக் காத்து மாசக்கணக்கா வீசும். அலுமாரி மாதிரி இந்தக் கட்டடத்தக் கொண்டுவந்து காத்துக்கு முன்னால வெச்சா உப்பும் மண்ணும் ஒங்கட கண்ணாடியத் தின்னுரும்."

"அப்ப என்ன செய்ற, நானா?" அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் நப்லா.

"காத்துக்கு வழி விடுங்க. அடியில வெறும் தூண் மட்டும். தூணுக்கு நடுவுல எங்கட கருவாட்டுக் கடைகள்."

"மேல கோடீஸ்வரன் இருப்பான், கீழ கருவாடு மணக்குமா?"

"மணக்கட்டுமே. எந்த ஊருல இரிக்கிறம் எண்டு அவனுக்கும் தெரிய வாணாமா?"

நப்லா சிரித்துவிட்டு அப்படியே கீறினாள். மேலிடமும் ஒத்துக்கொண்டது. கரையில் இருப்பவை எல்லாம் இடிபடும். நிரந்தரக் கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு அதற்குப் பதிலாகக் கீழ்த்தளத்தில் ஒரு கடை. தற்காலிகக் குடில்களுக்கு எதுவும் இல்லை. நியாயமான விதி என்று இஸ்ஸதீனும் தலையாட்டினார். புருஷன் மௌத்தான பிறகு கரையில் தனியாகக் கருவாடு போட்டு விற்கும், அவர் 'தாத்தா' என்று அழைக்கும் மூத்த சகோதரி றுக்கியாதான் அப்போது அவர் நினைவில் இருந்தாள். அன்றைக்கே ஓடிப்போய்ச் சொன்னார்.

"தாத்தா, கோபுரத்துல ஒங்களுக்கும் ஒரு கடை!"

"மாடிக்கு ஏறச் சொல்லாட்டிச் சரி" என்றாள் அவள், மீனைப் பிளந்துகொண்டே.

கடை கிடைப்பவர்களின் பட்டியல் வந்தபோது அதில் றுக்கியாவின் பெயர் இல்லை. நப்லா அவர் கீறிய தாளை எடுத்து விரித்தாள். அவருடைய அழகான எழுத்தில் 'றுக்கியாவின் வாடி' என்றிருந்தது.

வாப்பா காலத்தில் அது ஓலை வாடிதான். பிறகு சீமெந்துக் கல் வைத்து, ஓடு போட்டு, மின்சாரம் எடுத்து, காணி உறுதியும் முடித்தாயிற்று. ஆனாலும் ஊர் அதை வாடி என்றே சொல்லிவந்தது. அவர் கையும் அப்படியே எழுதியிருந்தது.

"வாடி எண்டா பருவத்துக்கு வந்து போறவங்கட குடில்தானே, நானா. சிங்களத்திலயும் அதே சொல்தான். எங்கட கொழும்புக் கந்தோர்ல தற்காலிகம் எண்டு எடுத்திட்டாங்க."

"அது கல்லுக் கட்டடம், மிஸ்!"

"எழுதினது நீங்கதானே."

வழி ஒன்று இருந்தது. தான் கீறியது பிழை என்று வியாழக்கிழமை பின்னேரத்துக்குள் அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். வேறொருவர் வந்து கரை முழுவதையும் திரும்ப அளப்பார். மூலையில் அந்த ஆளின் பெயர் வரும்.

புதன்கிழமை காலை றுக்கியா வீட்டுக்கு வந்தாள். மேசையில் அந்தத் தாளின் பிரதி கிடந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனை. அவர் நடந்ததைச் சொன்னார். கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்தார்.

"நீ வேற என்னத்த எழுதுவா, தம்பி?" என்றாள் றுக்கியா. "நானே வாடிக்குப் போறன் எண்டுதானே தெனம் சொல்ற. செவர மாத்தினம், பேர மாத்த மறந்திட்டம்." தாளில் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தாள். "இதத் திருத்த ஏலாதா?"

இஸ்ஸதீனின் பார்வை தாளின் மூலைக்குப் போனது. அச்சில் அவர் பெயர் முதல்தடவையாக, கோணாமல், தெளிவாக நின்றது.

"ஏலாது, தாத்தா. திகதி முடிஞ்சிட்டு."

அவள் நம்பினாள். படம், கந்தோர் விஷயங்களில் அவர் சொன்னதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள்.

"அப்ப சனிக்கிழமை வா. அவங்க இடிக்க முந்தி ஓடுகளயாச்சும் எறக்கி எடுப்பம். நீ கீறின கூரதானே, எங்கயிருந்து கழட்டத் தொடங்குற எண்டு ஒனக்குத்தான் தெரியும்."

"ஓம்" என்றார் இஸ்ஸதீன்.