பின்சீட்டுப் பெல்ட்

சுருளிப்பட்டியைத் தாண்டியதுமே திராட்சைத் தோட்டத்துப் பக்கமிருந்து மலைமாடுகள் ரோட்டில் இறங்குகின்றன. ஒன்றிரண்டு இல்லை, ஒரு மந்தையே! கார் ஓட்டும் என் மனைவி செல்வி பிரேக்கை மிதிக்கிறாள். பின்சீட்டில் நானும் எங்கள் நாய் ராஜாவும். என் மடியிலிருந்த திராட்சைப் பை பறக்கிறது, கூடவே நானும். முன்சீட்டில் மூக்கு மோதுகிறது. ராஜாவை மட்டும் நெஞ்சுப் பட்டையும் அதைச் சீட்டோடு பூட்டிய பெல்ட்டும் இழுத்துப் பிடித்துவிடுகின்றன. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து வாலாட்டுகிறான். தேனியில் அதை மாட்டிவிட நான் பட்ட பாடு வீண்போகவில்லை! சந்தோஷத்தில் கத்தியே விடுகிறேன்.

மாடு ஓட்டிவரும் அக்கா ஒருவர் கம்போடு வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார்.

"ஆத்தாடி! நாயிக்குப் பெல்ட்டு போட்டா கூட்டிட்டு வாறீக?"

"பிரேக் போட்டா விழுந்துருவான்லக்கா, அதான்" என்கிறேன் பெருமையாக.

அவர் என் மூக்கையும் சட்டையில் நசுங்கிய திராட்சையையும் பார்க்கிறார்.

"நல்ல காரியந்தாண்ணே. அப்ப உங்களைய யாரு கட்டிப் போடுறது?"

செல்வி ஸ்டியரிங்கில் தலை சாய்த்துச் சிரிக்கிறாள். நான் அவசரமாக என் பெல்ட்டைத் தேடுகிறேன். அதன்மேல்தான் ராஜா உட்கார்ந்திருக்கிறான்.