மாமா ஏறி நின்ற புத்தகம்

எங்கள் வீட்டில் அரபு எழுத்து எதன்மேல் இருந்தாலும் அது குப்பைக்குப் போகாது. வளைகுடாவிலிருந்து யாராவது கொண்டுவந்த பால்பவுடர் டப்பா, சோப்பு உறை, பேரீச்சம்பழம் சுற்றிவந்த செய்தித்தாள் எல்லாவற்றையும் உம்மா கண்ணில் ஒற்றி, குர்ஆன் இருந்த மேல்தட்டுக்குப் பக்கத்தில் அடுக்கிவைப்பாள். தாராவியில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையில் கால் நீட்டிப் படுக்க இடமில்லை. அந்தத் தட்டில் காலி ஷாம்பு பாட்டிலுக்கு இடம் இருந்தது. வாப்பாவின் தோல் பட்டறைக்கு வந்த துபாய் ஆர்டர் ஒன்றில், பைக்குள் வைத்துத் தைக்கும் துணி லேபிள்கள் மிஞ்சிப்போயின. உம்மா அவற்றையும் முத்தமிட்டு மேலே ஏற்றினாள். பிற்பாடு மாமா வந்து அதைப் படித்துச் சொன்னார்: ‘ஈரம் படாமல் வைக்கவும்.’

மாமா என்றால் உம்மாவின் தம்பி. வளைகுடாவில் ஒரு புத்தகக் கடையின் கிடங்கில் பெட்டி தூக்கப் போனவர். அங்கே பேச்சு அரபை வாய்ச்சண்டையிலும், எழுத்து அரபைக் கிழிந்துபோன புத்தகங்களிலும் தானாகவே பிடித்துக்கொண்டார். கடையை மூடியபோது விற்காத புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டிக்கொண்டு பம்பாய் வந்து சேர்ந்தார். மற்றவர்கள் வீட்டுக்குத் தங்கமும் கம்பளியும் வரும். எங்கள் வீட்டுக்கு நாவல்கள் வந்தன.

நாவல்கள் என்று உம்மாவுக்குத் தெரியாது. குர்ஆனில் ஒவ்வொரு எழுத்துக்கும் மேலும் கீழும் உச்சரிப்புக் குறிகள் இருக்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஓதுவாள், பொருள் தெரியாது. மாமாவின் புத்தகத்தில் குறி எதுவும் இல்லை.

“ஜேர், ஜபர் ஒண்ணுமே போடலியே. பெரிய ஆலிம்சாமாரு ஓதுத கித்தாபுல்லா இது!” என்று தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதுவரை, மச்சினனுக்கு இனி என்ன வேலை என்று கேட்பதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்த வாப்பா, அந்தக் கணத்தில் எழுந்து அவருக்குத் தலையணை எடுத்துக் கொடுத்தார். மாமா வாயை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் மார்க்கம் கற்ற ஆலிம், மீனில் நடுத்துண்டு அவருக்குத்தான். பக்கத்து வீட்டுப் பெரியம்மா பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து ஓதி ஊதச் சொல்வாள். மாமா தொண்டை சரியில்லை என்று நழுவிவிடுவார். வேலையில்லாமல் வந்து அக்காள் வீட்டில் உட்கார்ந்தவனுக்குக் கிடைத்த மரியாதையை உதறிவிடுவது லேசான காரியமா?

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. என் அக்காவுக்குப் பத்தாம் வகுப்பு, ஆனால் பள்ளிக்கூடம் போகவில்லை. டிபி என்று டிஸ்பென்சரியில் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். கல்யாண வயதை எட்டுகிற பெண்ணுக்கு அந்த நோய் என்று வெளியே தெரியலாமா? அதனால் பெரியம்மாவிடம்கூட ‘நெஞ்சுச்சளி’ என்றே சொல்லியிருந்தார்கள். மாத்திரை போட்டால் அக்கா வாந்தி எடுப்பாள். மூத்திரம் சிவப்பாகப் போகும். அதைப் பார்த்து உம்மா நடுங்குவாள்.

சாயங்காலங்களில் மாமா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் பிரிப்பார். அடுப்படியில் இருக்கும் உம்மாவுக்குக் கேட்கும்படி இரண்டு வரி அரபில் ராகமாக வாசிப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி எங்களுக்குத் தமிழில் கதை சொல்வார். பருத்திக்காட்டில் வேலை பார்க்கும் ஒருத்தியின் கதை அது. அவள் தம்பியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. எந்தச் சிறை என்று தெரியாமல், அவள் ஒவ்வொரு சிறை வாசலாகப் போய் நிற்கிறாள்.

“அரபில இப்பிடியெல்லாமா எழுதுவாங்க?” என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

“முன்னால அங்கயும் ராசா கதையும் அடுக்கு வசனமுமாத்தான் கெடந்துச்சு புள்ள. பொறவு பேப்பர் வந்துச்சு. பேப்பர்ல தொடர்கதை போட ஆரம்பிச்சாங்க. அப்பந்தான் வயக்காட்டுல நிக்கவனும் தெருவுல கெடக்கவனும் கதைக்குள்ள வந்தான். பாட்டு எழுதுதவங்களும் அளவெடுத்து வச்சிருந்த வரிய ஒடைச்சுப் போட்டாங்க. பெரிய ஆளுகள்லாம் வைதாங்க. எழுதுனவங்களப் புடிச்சு உள்ள போட்டாங்க. உள்ள இருந்தும் எழுதுனாங்க, வேற நாட்டுக்கு ஓடிப்போயும் எழுதுனாங்க.”

“அரபில கெட்ட வார்த்தை உண்டுமா மாமா?”

“எக்கச்சக்கம். நான் மொதல்ல படிச்சதே அதத்தான்.”

அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள். இன்னொரு நாள், சிறைக்காவலன் அந்தப் பெண்ணை வாசலிலிருந்து விரட்டுகிற இடத்தில் அழுதாள். அடுப்படியிலிருந்து பார்த்த உம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். ஓதல் உள்ளே இறங்குகிறது என்று நினைத்தாள். எங்களுக்கும் உம்மாவை ஏமாற்றுகிறோம் என்று தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

மழை தொடங்கியிருந்த ஒரு மத்தியானம் அக்கா இருமியபோது துணியில் ரத்தம் வந்தது. பட்டறையிலிருந்து வாப்பா ஓடிவந்தார். பெரியம்மா அக்காவின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு மாத்திரை தின்னாளா?” என்று மாமா கேட்டார்.

“மாத்திரையா? அத நிப்பாட்டி ரெம்ப நாளாச்சே. மாத்திரை தின்னா வாந்தி எடுக்கா, நீ ஓதுனா சிரிக்கா. எது மருந்துன்னு இன்னொருத்தரு வந்து சொல்லணுமா? நீ ஓது தம்பி, இன்னும் கொஞ்சம் சத்தமா ஓது” என்றாள் உம்மா.

மாமா புத்தகத்தைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார்.

“அக்கா, இது ஓதுத கித்தாபு இல்ல. கதைப் புத்தகம். ஒரு பொம்பள தம்பியத் தேடிப் போறா, அம்புட்டுத்தான். நான் ஆலிமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மாத்திரையக் குடு.”

உம்மா கோபப்படவில்லை. புன்னகைத்தாள்.

“ஓதுனவங்க இப்பிடித்தான் தங்களத் தாழ்த்திச் சொல்லுவாங்க” என்றாள் பெரியம்மா. வாப்பாவும் தலையாட்டினார். மாமா சத்தியம் செய்தார். கெஞ்சினார். அவர் கெஞ்சக் கெஞ்ச அவர்களுடைய மரியாதை கூடிக்கொண்டே போனது. நான் ஆலிம் இல்லை என்று சொல்வதே ஆலிமுக்கு அடையாளமாகிவிட்டால் ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

மாமா அந்தப் புத்தகத்தைத் தரையில் வைத்தார். வைத்து, அதன்மேல் ஏறி நின்றார். வெறுங்காலோடு, இரண்டு காலையும் வைத்து.

“இப்பம் நம்புதியா?” என்றார்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கூரை இடிந்து விழும் என்று நிச்சயமாக எதிர்பார்த்தேன். விழவில்லை. உம்மா அவரை அறைந்த சத்தம்தான் கேட்டது. வேதத்தின்மேல் தன் தம்பி ஏறமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அப்போது நம்பினாள். நம்பியதும் அவளிடம் மிச்சமிருந்தது மாத்திரை மட்டும்தான். டப்பாவைத் தேடி எடுத்து அவசரமாகத் திறந்ததில் மாத்திரைகள் தரையெல்லாம் சிதறின.

வாப்பா அன்றைக்கே மாமாவை வெளியே அனுப்பிவிட்டார். புத்தகங்களைக் குப்பையில் போடவும் முடியாது. கதையோ கழிசடையோ, எழுத்து அந்த எழுத்துதானே! பழைய குர்ஆன் தாள்களைத் தண்ணீரில் விடுவதுபோல மாகிம் கழிமுகத்தில் கொண்டுபோய் விட்டுவருவது என்று முடிவானது. சாக்கில் போடுவதற்கு முன்னால், மாமா மிதித்த புத்தகத்தை உம்மா தன் முந்தானையால் துடைத்தாள். அழுதுகொண்டே துடைத்தாள். அந்தப் புத்தகத்தை மாமா எத்தனை முறை படித்திருப்பார், எவ்வளவு ஆசையாக வைத்திருந்தார் என்பதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. அவர் காலை மட்டுமே நினைத்தேன். அந்தக் காலை நான் வெகுகாலம் வெறுத்தேன்.

பாதியில் விட்ட மாத்திரையைத் திரும்பக் கொடுத்தபோது நோய் அதற்கு அடங்கவில்லை. அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, தினமும் ஊசி போட்டார்கள். மாதக்கணக்கில் போட்டார்கள். உயிர் நிற்கும், ஆனால் இந்த ஊசி காதைக் கொண்டுபோகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே வாப்பாவிடம் சொல்லியிருக்கிறார். வாப்பா அதை யாரிடமும் சொல்லவில்லை. நான் வேலைக்குப் போன பிறகுதான் என்னிடம் சொன்னார்.

உம்மா தொழப்போயிருந்த ஒரு மத்தியானம் மாமா வார்டுக்கு வந்தார். ஐரோலியில் ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலை கிடைத்திருந்தது. அந்த நீலச் சட்டையோடு வந்திருந்தார். வார்டு விதிப்படி மூக்கும் வாயும் மூடக் கைக்குட்டை கட்டியிருந்தார். நான் அவரைப் பார்க்கப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

“அந்தப் பொண்ணு தம்பியக் கண்டுபிடிச்சாளா மாமா?” என்று அக்கா கேட்டாள். வார்டே திரும்பிப் பார்க்கும்படி அவ்வளவு சத்தமாகக் கேட்டாள்.

மாமா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மற்ற நோயாளிகளுக்குத் தொந்தரவில்லாமல் மெல்லிய குரலில் மீதிக் கதையைச் சொன்னார். கையில் புத்தகம் இல்லை. பிடிவாதமாகத் திரும்பி உட்கார்ந்திருந்த நான் கொஞ்சம் கொஞ்சமாக அவர் பக்கம் நகர்ந்துவிட்டேன். அந்தப் பெண் கடைசிச் சிறையின் வாசலுக்கு வந்து சேர்கிறாள். காவலன் உள்ளே போகிறான். வெகுநேரம் கழித்துத் திரும்பிவந்து, அவள் தம்பியின் சட்டையை மட்டும் மடித்துக் கொடுக்கிறான்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்காவைப் பார்த்தேன். அவள் மாமாவின் கண்களையே பார்த்தபடி, ஆரம்பத்திலிருந்து தலையாட்டியதுபோலவே இப்போதும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள்.

“நல்லாருக்கு மாமா” என்றாள், அதே பெரிய குரலில்.

மாமா அவள் முகத்தையும் காதையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்ததற்குக் காரணம் எனக்கு அப்போது தெரியவில்லை. தம்பி செத்துப்போன இடத்தில் சிரிக்கிறாளே, இவ்வளவு கல்நெஞ்சக்காரியா என்று எனக்கு அக்காமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.