என் பரீட்சையும் மாமாவின் வலது தோளும்

1. காலை எட்டேகாலுக்கு மாமா எங்கள் பள்ளி வாசலில் கோட், டையோடு நின்றார். கையில் பொரித்த ரோல்ஸ் நாற்பது அடுக்கிய பெட்டி.
2. பெட்டியைப் பரீட்சகர்களிடம் கொடுக்கப் போனார். நான் பறித்து என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.
3. ஒன்பது மணிக்கு, இரண்டு வருடமாக நெஞ்சுக்கு மேல் போகாத அவருடைய வலது கை காதைத் தொட்டது.
4. ஒன்பது பத்துக்கு, அவருக்கு எந்த நோவும் இல்லை என்று பரீட்சைத் தாளில் ஏறியது.
5. நோவில்லாதவருக்கு நான் வைத்தியம் செய்து காட்ட வேண்டியிருந்தது.

ஜெர்மனியின் ஹனோவரில், அவுஸ்பில்டுங் எனப்படும் மூன்று வருட பிசியோதெரப்பித் தொழிற்பயிற்சியின் கடைசிச் செய்முறைப் பரீட்சை அது. முதல் தடவை தோற்றிருந்தேன். ஒரு தடவைதான் திரும்ப எடுக்கலாம். இதிலும் தோற்றால் மூன்று வருடமும் போய்விடும், எனக்காக ஒரு பிசியோதெரப்பி நிலையம் வைத்திருந்த வேலையும் போய்விடும். தோற்றதன் காரணத்தை எழுதியே தந்திருந்தார்கள்: நோயாளியிடம் ஒன்றும் கேட்காமல் கையை வைத்துவிட்டேன். ஆகவே இந்தத் தடவை என் திட்டத்தின் முதல் வரி, கேள்வி கேள். இரண்டாவது, சொல்வதை நம்பு. மூன்றாவது, பிறகு தொடு.

மறுபரீட்சைக்கு நோயாளியை நாங்களே கூட்டிவர வேண்டும் என்பது எங்கள் பள்ளியின் ஒழுங்கு. மாமா அப்பாவின் நண்பர். பொதிகள் பிரிக்கும் கிடங்கில் வேலை. பிறந்தநாள், சாமத்தியவீடு, எங்கே கண்டாலும் தோள் கதைதான்: ஷேர்ட் போட ஏலாது, முதுகு சொறிய ஏலாது. இதைவிட நல்ல நோயாளி கிடைக்கமாட்டார் என்று நினைத்தேன். அம்மா அவருக்குத் தொலைபேசியில் சொன்னதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

"அண்ணை, பிள்ளை எப்படியும் பாஸ் பண்ணவேணும். பாத்துச் செய்யுங்கோ."

அவர் பார்த்துச் செய்தார்.

பரீட்சகர்கள் இரண்டு பெண்கள், சுவரோரம் தாளோடு இருந்தார்கள். எங்கே நோகிறது என்று நான் ஜெர்மனில் கேட்டேன். எங்கேயும் இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மாமா ஜெர்மனிலேயே சொன்னார். கையை உயர்த்தச் சொன்னேன். முழு உடம்பையும் இடப்பக்கம் சாய்த்து, மூச்சை அடக்கி, நெற்றி வியர்க்க உயர்த்தினார். விரல் காதில் முட்டியதும் பரீட்சகர்களைப் பார்த்துச் சிரித்தார்.

பூச்சியத்திலிருந்து பத்து வரை, வலி எத்தனை என்று கேட்டேன்.

"பத்து," என்றார் மாமா, பெருந்தன்மையாக.

மூத்த பரீட்சகர் பேனையை வைத்தார். நோவே இல்லை, ஆனால் பத்தா?

தமிழில் பேச அனுமதி கேட்டேன். தந்தார்கள்.

"மாமா, என்ன செய்யிறியள்?"

"நான் உனக்குக் குறைச்சுக் குடுப்பனே, பிள்ளை?"

"அது எனக்குப் போடுற புள்ளி இல்லை. உங்கட நோ எவ்வளவு எண்டு கேட்டனான்."

"நோகுது எண்டால் உனக்கெல்லோ குறைப்பினம். வைத்தியம் சரியில்லை எண்டு நினைப்பினம்."

"நான் இன்னும் தொடங்கவே இல்லை!"

"அதுதான் சொல்லுறன். தொடங்க முன்னமே மாறீட்டுது. இவை யோசிக்கட்டும், எவ்வளவு கெட்டிக்காரி எண்டு."

"உண்மையைச் சொல்லுங்கோ, மாமா."

"இனி மாத்த ஏலாது. மாத்தினால் என்னைப் பொய்க்காரன் எண்டு நினைப்பினம்."

என் திட்டத்தின் இரண்டாவது வரி அதோடு முடிந்தது. அவரை மல்லாந்து படுக்கச் சொன்னேன். படுத்திருக்கும்போது உடம்பைச் சாய்க்க முடியாது. முழங்கையை விலாவோடு வைத்து, முன்கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினேன். கொஞ்சம் திரும்பியது. பிறகு பூட்டிய கதவுபோல் நின்றது.

"நோகுதோ?"

"சீச்சீ."

காலுறைக்குள் அவருடைய கால்விரல்கள் சுருண்டன.

பரீட்சகர்களுக்குக் கேட்கும்படி வாசித்துக்கொண்டே எழுதினேன். நோயாளி நோவு இல்லை என்கிறார். கையை உயர்த்த உடம்பு சாய்கிறது. தோட்பட்டை முந்தி எழும்புகிறது. மூச்சு நிற்கிறது. வெளிப்பக்கம் திரும்பவில்லை. கால்விரல் சுருள்கிறது. சொல்வதும் காண்பதும் பொருந்தவில்லை. காண்பதற்கு வைத்தியம் செய்கிறேன்.

"ஏன் பொருந்தவில்லை?" என்று இளையவர் கேட்டார்.

"நான் பாஸாக வேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறார்."

இருவரும் நெடுநேரம் எழுதினார்கள். நான் தோள்மூட்டை மெல்ல இழுத்து அசைக்கத் தொடங்கினேன். மாமா முகட்டைப் பார்த்தபடி "சூப்பர், சூப்பர்" என்றுகொண்டே இருந்தார். ஓரிடத்தில் வாய் தவறி "ஐயோ" என்றார். உடனே ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டார், என்னிடம் அல்ல, பரீட்சகர்களிடம்.

மத்தியானம் முடிவு வந்தது: நான்கு. இங்கே ஒன்று மிகச் சிறப்பு, நான்கு போதுமானது, ஐந்து தோல்வி. நோயாளியோடு உரையாடியதற்குக் குறைத்திருந்தார்கள். அவதானித்ததற்குக் கூட்டியிருந்தார்கள்.

தொழில் அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டேன். பத்திரம் இன்னும் வரவில்லை. நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பத்திரம் வரும்வரை அங்கே துவாய் மடிக்கிறேன், தொலைபேசி எடுக்கிறேன், யாரையும் தொடுவதில்லை.